ஒரு நாள் வீட்டுக்கு வாங்க

"சொன்னீங்களா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க!"

"இரு பேபி, நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"சொன்னீங்களா..."

"வாய் தவறி..."

"அப்ப சொல்லிட்டீங்க!"

கங்காதரன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் அவர் மனைவி பேபியின் குரல் கொரட்டூர் தெருமுனை வரைக்கும் கேட்டது. பின்னால், ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பகல் ஒரு மணி. நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது.

"சாவு ஊட்ல 'போயிட்டு வரேன்'னு சொல்லக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேனா, இல்லியா?"

"அத்த சொல்லலியே! அது ஞாபகம் இருந்துச்சு. மாலையப் போட்டேன். எல்லாரும் என்னையே பாத்துகினு இருந்தாங்க. ஒண்ணுமே சொல்லாம திரும்பினா நல்லா இருக்காதேன்னு, அதுக்குப் பதிலாத்தான்..."

"அதுக்குப் பதிலா?"

"'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க'ன்னுட்டேன்."

போனுக்குள் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"பொணத்தப் பாத்தா?"

"பழக்க தோஷம் பேபி."

பழக்கம் என்றால் இருபத்தாறு வருஷப் பழக்கம். கங்காதரனும் ஏகாம்பரமும் ஒரே ஆபீஸ். சாயங்கால மின்சார ரயிலில் ஒரே பெட்டி. கொரட்டூர் வந்ததும் ஏகாம்பரம் ஒரு காலை லேசாக இழுத்தபடி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார். "கங்கா, ஒரு நாள் உங்க ஊட்ல காப்பி குடிக்கணும்." கங்காதரனும் தவறாமல், "வாங்களேன், ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பார். ரயில் நகர்ந்துவிடும். எந்த நாள் என்று இவர் சொன்னதில்லை. எந்தத் தெரு என்றும் சொன்னதில்லை. ஒருமுறை அவர் கேட்டேவிட்டபோது, "ஸ்டேஷன்லேர்ந்து கிட்டக்கத்தான்" என்று சொல்லி வைத்தார். ஏகாம்பரம் வந்தால் லேசில் எழுந்து போகிற ஆளில்லை என்று ஆபீசுக்கே தெரியும்.

"இப்ப நேரா ஊட்டுக்கு வராதீங்க," என்றாள் பேபி. "புள்ளத்தாச்சிப் பொண்ணு ஊட்ல இருக்கா. ரோஷினிக்கு இது ஒம்பதாம் மாசம். நாளன்னிக்கு வளைகாப்பு. எதையாவது கூட்டிகினு வந்து வாசல்ல நின்னீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"பின்ன எங்க போவேன்? மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போயி..."

"குளிக்காம கோயிலுக்கா? தீட்டோடவா?"

"சினிமாவுக்கு?"

"நல்லா இருக்கும். மாலை போட்ட கையோட சினிமா. எங்கியாச்சும் பொது எடத்துல உக்காந்து, ஒரு டீயக் குடிச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க. அவருக்குத்தான் நம்ம ஊடு தெரியாதுல்ல? உங்க பின்னாடி வந்தாத்தானே உண்டு. வழியில வுட்டுட்டு வாங்க."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தது. ஓர் ஓரமாக உட்கார்ந்து, "ஒரு டீ, சக்கரை கம்மி" என்றார். கடைக்காரர் இரண்டு கிளாசைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணுதாங்க கேட்டேன்."

"கூட வந்தவருக்கு?"

"கூட யாரும் வரலியே."

கடைக்காரர் பெஞ்சின் மறுகோடியைப் பார்த்தார். பிறகு கங்காதரனைப் பார்த்தார். "சரி, அவருக்கு வேணாமாம். தலைய ஆட்டுறாரு," என்று சொல்லி, இரண்டாவது கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெஞ்சின் மறுகோடியில் வெயில்தான் இருந்தது. ஆனால் பெஞ்சு ஒருபக்கமாகத் தாழ்ந்திருந்தது. தாழ்ந்தது கங்காதரன் உட்கார்ந்திருந்த பக்கம் இல்லை.

"பேபி..."

"எத்தினி டீ?"

"எப்படிடீ கேக்கறே?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. எத்தினி டீ?"

"ரெண்டு."

"ஐயோ!"

"ஒண்ணத் திருப்பி எடுத்துகினு போயிட்டான்."

"அதான் ஐயோங்கறேன். டீ வேணாம்னா, வேற எதுக்கோ வந்துகினு இருக்காருன்னுதானே அர்த்தம்? தண்ணியத் தாண்டாதும்பாங்க. ஏரில எறங்கிக் காலக் கழுவிட்டுக் கரையேறுங்க. அதோட வுட்டுடும்."

கொரட்டூர் ஏரிக்கரையில் அந்த வேளையில் ஒரு நாய்கூட இல்லை. தண்ணீர் அசையாமல் ஈயம் போலக் கிடந்தது. கங்காதரன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, சிமென்ட் படியில் கடைசி வரை இறங்கி, அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நனைத்தார். குளிர்ந்தது. நன்றாகவே இருந்தது. "ஏகாம்பரம், மனசுல வெச்சுக்காதீங்க. இங்கயே இருங்க, நல்ல காத்து," என்று தண்ணீரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார். படியேறி மேலே வந்தார். பேபி திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். ஆனால் செருப்பு கீழேயே இருந்தது.

திரும்பினார்.

காய்ந்த சிமென்ட் படியில் ஈரக்கால் தடம் ஏறி வந்திருந்தது. ஒரு ஜோடி, இவருடையது. பக்கத்திலேயே இன்னொரு ஜோடி. அதில் வலதுகால் முழுசாகப் பதிந்திருந்தது. இடதுகால் விரல்கள் மட்டும் பதிந்து, பின்னால் ஈரம் கோடாக இழுபட்டிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் இரண்டும் காய்ந்தன. இவருடையது முதலில் காய்ந்தது.

செருப்பு அங்கேயே கிடந்தது. கங்காதரன் வெறுங்காலோடு மெயின்ரோடு வரை ஓடி, எதிரே வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

"பெருசு, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நகந்து உக்காருங்க. அந்தம்மா ஏறணும்," என்றார் டிரைவர்.

"நான் ஒருத்தன்தாம்பா!"

"கோச்சுக்காத நைனா. அந்தாண்ட கீறவரு உன் ஆளு இல்லியா? உன் கையப் புடிச்சிகினு ஏறினாரேன்னு கேட்டேன்."

கங்காதரன் தன் கையை மெதுவாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளங்கை சில்லென்றிருந்தது. ஏற வந்த அம்மாள், இருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் அடுத்த வண்டில வரேன்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

"பேபி, தண்ணியத் தாண்டிட்டாரு." போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

இந்த முறை பேபி கத்தவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. குசுகுசுவென்று பேசினாள். பக்கத்தில் ரோஷினி தூங்குகிறாள் போல.

"நல்லா கேளுங்க. நீங்க அவர ஊட்டுக்குக் கூப்ட்டீங்க. ஒரு ஊட்டுக்குள்ள போயி உக்காந்தாத்தான் அவருக்குத் திருப்தி. நம்ம ஊடு எதுன்னு அவருக்குத் தெரியாதே! எந்த ஊட்டுக்குப் போனாலும் உங்க ஊடுன்னுதான் நெனைப்பாரு. உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருந்தா, அங்க போயி பத்து நிமிசம் உக்காந்துட்டு, சொல்லாம எழுந்து வந்துடுங்க."

"பாவம் இல்லியா?"

"வேண்டாதவங்கதானே? எனக்கு என் பொண்ணு முக்கியம்."

"எனக்கு வேண்டாதவன்னு பாத்தா ஒருத்தன்தான் இருக்கான்."

"யாரு அது?"

கங்காதரன் போனை வைத்துவிட்டார். ஏனென்றால் அது பேபியின் தம்பி பாஸ்கரன்.

அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்தமாதிரி ஃபிளாட் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. இன்னும் அவன் வாய் அந்த பால்கனியைவிட்டு இறங்கவில்லை. போன பொங்கலுக்கு, "உங்க வீட்ல காத்தே வரலியே மாமா, எப்படி இருக்கீங்க?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டவன். நல்ல காற்றுள்ள வீடுதான். ஏகாம்பரத்துக்கு ஒரு குறையும் இருக்காது.

மூன்றாவது மாடி. பாஸ்கரன்தான் கதவைத் திறந்தான்.

"அடடே, வாங்க மாமா! வாங்க, நீங்களும் வாங்க!"

இரண்டாவது 'வாங்க' தனக்கில்லை என்று கங்காதரனுக்குப் புரிந்தது. இருந்தாலும் அவ்வளவு நேரத்தில் முதல்முறையாக நெஞ்சு கொஞ்சம் லேசானது. உள்ளே போய் சோபாவின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்து மெத்தை மெல்லக் குழிந்தது. குழியட்டும். இதற்குத்தானே வந்தது.

"இன்னா மாமா, காலுல செருப்பு இல்ல, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?"

"வெயில்."

"இங்க அதெல்லாம் தெரியாது. பால்கனியத் திறந்தா ஏரிக்காத்து. ஜெயப்பிரியா ஆபீஸ் போயிருக்கா, நானே காப்பி போடறேன். நல்லவேளை வந்தீங்க மாமா, ரோஷினி வளைகாப்புக்குப் பழக்கூடை ஆர்டர் பண்ணிகினு இருந்தேன். நேரா உங்க வீட்டுக்கே அனுப்பச் சொல்லப் போறேன். அட்ரஸ் இன்னா போடறது? பழைய நம்பரா, புது நம்பரா?"

அது ஒரு கேள்வி. கங்காதரனை எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். பத்து வருஷமாக கூரியர்காரர், கேஸ்காரர், தபால்காரர் எல்லோரும் பழைய நம்பர், புது நம்பர் குழப்பத்தில் அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பழைய நம்பர் பதினொண்ணு, புது நம்பர் இருபத்தேழு. பஜனை கோயில் தெரு. நம்பரப் பாத்து வராதீங்கன்னு சொல்லு. அம்பத்தூர் ஸ்டேஷன்ல எறங்கி, மார்க்கெட் வழியா நேரா வந்து, மாவு மில்லுல திரும்பினா மூணாவது ஊடு. பச்சை கேட்டு. வாசல்ல முருங்கை மரம். தட்ட வேணாம், கேட்டு தெறந்துதான் இருக்கும்."

முழுசும் சொல்லி முடித்த பிறகுதான் கங்காதரன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பக்கத்து மெத்தையின் குழி நிமிர்ந்தது.

பாஸ்கரன் ஒரு தட்டில் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தபோது, சோபாவிலிருந்து எழுந்தாகிவிட்டது. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடிப்படி இறங்கினார். மத்தியானத்திலிருந்து அலைந்த அலைச்சல். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது.

தெருவில் வெயில் தணிந்திருந்தது. ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"எத்தினி பேரு?"

"ஒருத்தர்."

"ஒருத்தர்தானே? ஏறு."

கேட்பதற்கு எவ்வளவு இதமான வார்த்தை! மார்க்கெட்டில் இறங்கி, நடந்து, மாவு மில் வந்ததும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பினார். பச்சை கேட். முருங்கை மரம். கேட் திறந்துதான் இருந்தது.

"நில்லுங்க! அங்கயே நில்லுங்க!" பேபி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரோடு வாசலிலேயே காத்திருந்தாள். தலையோடு ஊற்றினாள். சிரித்துக்கொண்டே நனைந்தார். "வண்டியில எத்தினி பேருன்னு கேட்டான்?"

"ஒருத்தர்னுதான் ஏத்தினான்."

"அப்பாடா! எங்கியோ ஒரு ஊட்ல வுட்டுட்டீங்க."

"சோபால உக்கார வெச்சிட்டு வந்தேன். பாவம், நல்ல மனுஷன்."

"இப்ப போயி அந்தாளுக்குப் பாவம் பாருங்க. உள்ள வாங்க."

அவர் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். நிலைப்படியைத் தொட்டுப் பார்த்தார். கூடத்தையும் சாமி படத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு ஊடு."

"இன்னிக்குத்தான் மொத மொதலா பாக்கற மாதிரி சொல்றதப் பாரு," என்று பேபி சிரித்தாள். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்த பயமெல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது. "டீ போடட்டுமா?"

"காப்பி."

"காப்பியா? குடிச்சா நெஞ்சு எரியுதும்பீங்களே?"

"இனிமே எரியாது."

தூங்கி எழுந்த ரோஷினிதான், வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பா, கை இன்னாப்பா இப்படி சில்லுன்னு இருக்கு?"

"உங்கம்மா வாளியோட ஊத்தினாம்மா."

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "ரொம்ப நாள் ஆசை," என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். இப்போதைக்கு எழுந்திருக்கிற உத்தேசம் தெரியவில்லை.

பேபியின் போன் அடித்தது. "மாமாதாம்மா," என்று ரோஷினி அதை ஸ்பீக்கரில் போட்டாள். பாஸ்கரனின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அக்கா, எங்க ஊட்டு சோபால மாமா ஒரு மணி நேரமா வாயே தெறக்காம செலை மாதிரி உக்காந்துகினு கீறாரு, கூட வந்தவரு மட்டும், 'எனக்குக் காப்பி வேற ஒரு ஊட்ல இருக்கு'ன்னு சொல்லிட்டு எழுந்து போனாரே, அவரு யாருக்கா?"