அடுத்தவர்

இந்த உலகத்தில் பிறந்த அத்தனை கோடிப் பேரில், யாரிடமும் எதையும் கேட்காமல் அறுபத்தோரு வயதைத் தொட்ட ஒரே மனிதர் தாம்தான் என்பதை, விசாரணைக்காரர் சமையலறை வாசலில் நின்று அறிவித்தார்.

"முப்பத்திமூணு வருஷம், ரயில் நிலையத்துல விசாரணை ஜன்னல். ஒரு நாளைக்கு நானூறு பேர் என்னைக் கேட்டாங்க. நான் யாரையாவது ஒண்ணு கேட்டிருக்கேனா?"

"இல்லீங்க," என்றார் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"கேள்வி கேக்கறதே பலவீனம். அதுலயும், பேசறதுக்கு ஆள் வேணும்னு மனு எழுதிப் போடறாங்க பாரு, அந்த ஜென்மங்களை என்ன சொல்றது?"

"டீ பிளாஸ்க்ல இருக்கு. ஆறு மணிக்கு வந்துடுவேன்."

சைக்கிள் மணிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. உண்மையில் விசாரணைக்காரர் சொல்ல வந்தது, 'இன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இரேன்' என்பதைத்தான். அதைச் சொன்னால் கேட்டதாக ஆகிவிடும். ஆகவே அறிவிப்போடு நிறுத்திக்கொண்டார்.

இருவரும் போன வருடம் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். அம்மையார் இருபத்தெட்டு வருடம் மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுத்தவர். ஊருக்கு அவர் மருந்தம்மா. ஓய்வு பெற்ற அன்று விசாரணைக்காரர் இரண்டு பிரம்பு நாற்காலிகள் வாங்கி முன்னறையில் போட்டார். ஒன்று அவருக்கு. இன்னொன்றின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை ஒரு வருடமாக அப்படியே இருந்தது.

காரணம், ஊர் மன்றத்தின் பேச்சுத்துணைத் திட்டம். பேச ஆள் இல்லாதவர்கள் ஒரு நீலத்தாளை நிரப்பிக் கொடுத்தால், வாரம் ஒரு மணி நேரம் ஒரு தொண்டர் வீட்டுக்கே வந்து பேசிக்கொண்டிருப்பார். மருந்தம்மா அதில் தொண்டர். சமையலறைக் காலண்டரில் திங்கள் முதல் வியாழன் வரை எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. ஒரு கட்டத்திலும் விசாரணைக்காரர் இல்லை.

அவர் செயலில் இறங்கினார்.

முதலில் சைக்கிள் டயர் இரண்டிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். மருந்தம்மா நடந்து போனார். சைக்கிளில் போகிறவரை யாரும் நிறுத்த மாட்டார்கள். நடந்து போகிறவரை ஊரே நிறுத்தும். அன்று அவர் வீடு திரும்பியபோது ஏழரை மணி. காற்றடிக்க வந்த சைக்கிள் கடைக்காரர் பம்பை வைத்துக்கொண்டு வாசலிலேயே முக்கால் மணி நேரம் தம் மாமியாரைப் பற்றிப் பேசிவிட்டு, "அம்மா, என்னையும் எழுதிக்குங்க," என்றார். வெள்ளிக்கிழமையும் போயிற்று.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடமிருந்து வரும் போன். விசாரணைக்காரர் அதில் வழக்கமாக வெயில், மழை, உடம்பு ஆகிய மூன்று தகவல்களையும் இரண்டு நிமிடத்தில் தந்து முடிப்பார்.

"உங்க அம்மா வீட்டுலயே இருக்கறதில்ல," என்று இம்முறை மகனிடம் நான்காவது தகவலைத் தந்தார்.

"ஏன்ப்பா?"

"ஊர் முழுக்கப் போய் உக்காந்து கதை கேக்கறா."

"அம்மாவா?" மகன் குரலில் பக்தியே வந்துவிட்டது. "இருங்க, அக்காவையும் லைன்ல போடறேன். அம்மாகிட்ட குடுங்கப்பா."

மருந்தம்மா போனை வாங்கி ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார். மகன் தன் மேலதிகாரியைப் பற்றி அழுததாகவும், மகள் அதைக் கேட்டுச் சிரித்ததாகவும், பிறகு அவளும் அழுததாகவும் தெரிந்தது. ஒரு நாள் போதாது, சனிக்கிழமையும் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

சனி, ஞாயிறும் போயிற்று.

மூன்றாவது வழி, முதுகு வலி.

"இங்கயா?" மருந்தம்மா விரலால் அழுத்தினார்.

"ஆமா."

"இங்க?"

"ஆமா."

"இது தோள்பட்டைங்க."

"அங்கயும்தான்."

"எங்க தொட்டாலும் ஒரே மாதிரி வலிக்கிற முதுகை நான் இருபத்தெட்டு வருஷத்துல பாத்ததில்ல," என்ற மருந்தம்மா, "தனியாப் படுத்திருக்க வேணாம். நான் ஒருத்தரை அனுப்பறேன்," என்று கிளம்பிவிட்டார்.

வந்தவர் சக தொண்டர், ஓய்வு பெற்ற லாரி டிரைவர். பிளாஸ்டிக் உறை சரசரக்க இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, தாம் ஓட்டிய முதல் லாரியின் கியர் பெட்டியில் ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் விசாரணைக்காரரின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஜன்னலில் ஒருவருக்குப் பதில் சொன்னதும் அவர் "அடுத்து" என்பார். நிற்கிறவர் நகர்ந்துவிட வேண்டும். நாளுக்கு நானூறு தடவை சொன்ன வாய், வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. மனைவி ஏதாவது சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே தானாக "அடுத்து" என்று வந்துவிடும்.

"அடுத்து," என்றார் லாரிக்காரரிடமும்.

லாரிக்காரர் கண் கலங்கிவிட்டார். "அடுத்து கேளுங்க, ரெண்டாவது லாரி," என்று தொடர்ந்தார். மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் விசாரணைக்காரர் பதினோரு தடவை "அடுத்து" சொன்னார். பதினோரு லாரிகள் வந்தன.

"கதை கேக்கறதுக்கு உங்களை மாதிரி ஆளே கிடையாது சார்," என்று கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்ற லாரிக்காரர், வியாழன்தோறும் வரத் தொடங்கினார்.

முதுகு அன்றே குணமானது.

இனி ஒரே வழிதான். அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறாள் என்று கண்டுபிடித்து, அது ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட வேண்டும். திங்கட்கிழமை பின்தொடர்ந்தார். தச்சர் வீட்டுப் பக்கச் சுவரோரம் பலகை அடுக்கு இருந்தது. அதன் பின்னால், மரத்தூளில் முழங்கால் புதைய உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

தச்சர் மனைவியை இழந்து மூன்று மாதம். அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்காதவர் என்பது ஊருக்கே தெரியும். மருந்தம்மா எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பேசவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு ஈ ஜன்னல் கம்பியில் நடந்து போய்த் திரும்பி வந்தது.

விசாரணைக்காரருக்கு வெற்றிச் சிரிப்பே வந்துவிட்டது.

"அந்த அலமாரிக் கதவு," என்றார் தச்சர் திடீரென்று. "அது மூடாது. செஞ்ச அன்னிலேருந்தே மூடாது."

மருந்தம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"அப்புறம்?"

"சரி பண்ணிக் குடுன்னு அவ இருபது வருஷமாச் சொன்னா."

"அப்புறம்?"

"ஊருக்கெல்லாம் செஞ்சேன்."

தச்சர் ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் அழுதார். கடைசியில் அந்த அலமாரிக் கதவு தம் மூக்கில் இடித்த கதையைச் சொல்லி, தாமே சிரித்தார். மூன்று மாதம் துருப்பிடித்துக் கிடந்த சிரிப்பு, பலகை அடுக்கு வரை கேட்டது. மருந்தம்மா அந்த ஒரு மணி நேரத்தில் சொன்னது ஒரே ஒரு சொல்தான்.

விசாரணைக்காரர் மரத்தூளை விட்டு எழுந்திருக்கவில்லை. லட்சக்கணக்கான பேரை அவர் சரியான நடைமேடைக்கு அனுப்பியிருக்கிறார். ஒருவர்கூட இப்படி ஒரு முகத்தோடு போனதில்லை. 'அடுத்து' என்பதில் நான்கு எழுத்து. 'அப்புறம்' என்பதில் ஐந்து. கூடுதலாக இருந்த அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு மனிதன் முழுசாக எழுந்து உட்கார்ந்ததை அவர் தம் கண்ணால் பார்த்திருந்தார்.

மறுநாள் காலை மன்றத்துக்குப் போனார். வரிசையில் நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக ஜன்னலுக்கு வெளிப்பக்கம். பேசுவதற்கு இவ்வளவு குனிய வேண்டும் என்பது உள்ளே இருந்தபோது அவருக்குத் தெரிந்ததேயில்லை.

உள்ளே, கொண்டையில் பென்சில் செருகிய எழுத்தர். போன வாரம்தான் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர், யாரையும் தெரியாது.

"நீலத்தாள் ஒண்ணு," என்றார் விசாரணைக்காரர். "நண்பர் ஒருத்தருக்கு."

நண்பரின் வயது அறுபத்தொன்று என்று எழுதினார். தேவை, வாரம் ஒரு மணி நேரம். எந்தத் தொண்டர் வேண்டும் என்ற இடத்தில், 'திங்கட்கிழமை தச்சர் வீட்டுக்கு வருகிறவர்' என்று எழுதினார். விலாசத்தை மிகச் சிறிய எழுத்தில் எழுதினார்.

எழுத்தர் தாளைக் கண்ணருகே பிடித்துப் படித்தார். பென்சிலை உருவிக்கொண்டு, எழுந்து போய், தடிமனான ஒரு கோப்போடு வந்தார்.

"இந்த விலாசத்துலேருந்து ஏற்கெனவே ஒரு மனு இருக்கே சார். போன வருஷத்தது. ஒரு அம்மா போட்டிருக்காங்க. திட்டத்துக்கு வந்த முதல் மனுவே அதுதான்." பென்சில் வரிகளின் மேல் ஊர்ந்தது. "காரணம்னு போட்ட இடத்துல என்னமோ எழுதியிருக்காங்க. 'வீட்டில் ஆள் உண்டு. ஜன்னல்தான் மூடியிருக்கிறது.' என்ன ஜன்னலோ."

பின்னால் நின்றவர் செருமினார். விசாரணைக்காரர் நகரவில்லை. ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"அப்புறம்?" என்று கேட்டார், மெதுவாக.

"அன்னிக்கு அனுப்பறதுக்கு ஒரு தொண்டர் கூட இல்லையாம். வந்த அம்மாவையே முதல் தொண்டராச் சேத்துக்கிட்டாங்களாம்," என்ற எழுத்தர், தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "அவங்க பேச்சைக் கேக்கத்தான் சார், இன்னி வரைக்கும் யாரும் போகலை."