வாயால் கார் ஓட்டுகிறவர்

கார் ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கையாலும் காலாலும் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். வாயால் ஓட்டுகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு முன் சீட்டு கிடைத்தால் போதும். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். சமதரையில் அவர் பரம சாது. சாலை கொஞ்சம் மேலே ஏறட்டும், முதல் கொண்டை ஊசி வளைவு வரட்டும், வெற்றிலையைத் துப்பிவிட்டு, மப்ளரைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு, சீட்டின் நுனிக்கு வந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி குனிந்து, வண்டியின் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டுவிடுவார். யார் கொடுத்த பொறுப்பு? அதெல்லாம் கேட்கக் கூடாது.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா வைத்தீஸ்வரன் இந்த வகையில் முதல் தரம். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. சைக்கிள் ஒருதரம் விட்டிருக்கிறார், இடக்கொச்சியில். அது ஓடையில் முடிந்தது. ஆனால் மூணாறு சாலையின் வளைவுகளை அர்ச்சனை மாதிரி வரிசையாகச் சொல்லுவார்.

டாக்ஸி டிரைவர் ராசப்பனுக்குச் சொல்லத் தெரியாது, ஓட்டத்தான் தெரியும். பதினாலு வருஷ மலைச்சாலை. மலையாள மாதக் கணக்கில் மேடத்தில் வெயில் புழுதி, இடவத்தில் மழைச் சேறு, தனுவில் பனி. எந்த மாதத்தில் பிரேக்கை எவ்வளவு மிதிப்பது என்பது அவன் காலுக்கே தெரியும். ஏறின கியரிலேயே இறங்குவான். ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி நிற்பான். அவனுக்கு வேண்டியதெல்லாம் கண்ணும் காதும்தான்.

அந்தக் காதில்தான் வைத்தீஸ்வரன் உட்கார்ந்திருந்தார்.

மூணாறில் எஸ்டேட் ஆபீஸில் இருக்கும் மாப்பிள்ளை மேடத்திலேயே எழுதிவிட்டார்: ரோடு காய்ந்திருக்கும்போதே சீதாலக்ஷ்மியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். வைத்தீஸ்வரன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஒரு நாள் திதி சரியில்லை, ஒரு நாள் சூலம், ஒரு நாள் எல்லாம் சரி, ஆனால் செவ்வாய்க்கிழமை. கடைசியில் அவர் கண்டுபிடித்த நல்ல நாள், இடவப்பாதி மழைக்கும் நல்ல நாளாக இருந்தது.

ஆகவே ஏழாவது மாதத்தில் சீதாலக்ஷ்மி, அவளைச் சுற்றித் தலையணைகள், பக்கத்தில் அவள் அம்மா விசாலாக்ஷி என்று பின் சீட்டு நிறைந்துவிட்டது. அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்த நிதானத்தைப் பார்த்ததிலிருந்து ராசப்பனுக்கு ஒரே நினைப்புதான். குலுக்காமல் மலை இறங்கி, நேரியமங்கலம் பாலத்தைத் தொட்டுவிட்டால் போதும்.

"ஜன்னலெல்லாம் ஏத்தியாச்சா? பிள்ளைத்தாச்சி மேலே சாரல் படப்டாது. ராசப்பா, ஹார்ன் அடி!"

"அடிச்சேன் சாமி."

"நேக்குக் கேக்கலையே?"

"நீங்க நிறுத்தினா கேக்கும்" என்றாள் விசாலாக்ஷி.

அடிமாலி தாண்டியதும் முன்கண்ணாடி வெளுத்தது.

"மூடுபனி! நான் சொன்னேனோ இல்லியோ? லைட்டைப் போடு! இடது பக்கம் ஒடி! இடதுன்னா இவ்வளவு இடதாடா?"

ராசப்பன் துணியால் துடைத்தான். ஒரு வளைவு தெரிந்தது. மறுபடி வெளுத்தது. இடவத்தில், நட்டநடு மத்தியானத்தில், இங்கே மூடுபனி ஏது என்று அவன் மூளை முணுமுணுத்தது. ஆனால் வைத்தீஸ்வரன் பேசிக்கொண்டிருந்ததால் அது சொன்னது கேட்கவில்லை. சீயப்பாறை அருவிக்கு முந்தின வளைவில் ஏறி வந்த அரிசி லாரியின் ஹார்னும் கேட்கவில்லை.

கேட்டபோது லாரி எதிரே இருந்தது.

பிரேக், சேற்றில் ஒரு சறுக்கல், ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு கார் நின்றது. பின்னால் சீதாலக்ஷ்மி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரர் போடிநாயக்கனூர்ப் பக்கம் போல. "யோவ், கண்ணை எங்கய்யா வச்சுட்டு ஓட்டுறீக?"

வைத்தீஸ்வரன் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினார். "இந்த மூடுபனியிலே ரோடு எப்படியய்யா தெரியும்?"

லாரிக்காரர் மலையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். வானத்தையும் பார்த்தார்.

"எந்த மூடுபனி?"

வைத்தீஸ்வரனும் பார்த்தார். சும்மா தூறிக்கொண்டிருந்தது. துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி அடுத்த வளைவு வரை சாலை பளிச்சென்று கிடந்தது. அருவி தெரிந்தது. அருவியோரம் நனைந்துகொண்டிருந்த ஓர் ஆடுகூடத் தெரிந்தது. காரின் முன்கண்ணாடி மட்டும் உள்பக்கமாக, அவர் மூக்குக்கு நேரே கெட்டியாகவும், ராசப்பன் பக்கம் கொஞ்சம் இளசாகவும் வெளுத்திருந்தது.

"அப்பா" என்றாள் சீதாலக்ஷ்மி. "அது உங்க மூச்சு. பாலம் வரைக்கும் வாயைத் திறந்து மிண்டாம வாங்கோ. நேக்குப் பயமாயிருக்கு."

ராசப்பன் எல்லா ஜன்னலையும் நாலு விரல் இறக்கினான். கண்ணாடியைத் துடைத்தான். அது தெளிந்தபடியே இருந்தது.

ஒரு மனிதர் பேசாமல் மலை இறங்குவது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை அன்று அவன் பார்த்தான். ஒவ்வொரு வளைவுக்கும் வாய் திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. மப்ளரின் ஒரு முனை பல்லுக்குள் போயிற்று. வெளியே வர வழியில்லாத அத்தனை உத்தரவுகளும் வலது காலுக்கு இறங்கி, அந்தக் கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தரைவிரிப்பைச் சுருட்டியது. பாலம் வந்தபோது சீதாலக்ஷ்மி தூங்கிப்போயிருந்தாள்.

சிங்க மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. புண்ணியாகவாசனத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் வைத்தீஸ்வரன் சொன்னார்: "அன்னிக்கு வண்டி பத்திரமா இறங்கினதுக்கு யார் காரணம், கேளுங்கோ. நான்தான். சீயப்பாறையிலேர்ந்து வாயே திறக்கலை!"

வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த ராசப்பன் தலையாட்டினான். கார் ஓட்டுவதைப் பற்றி அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் சரி.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்த லாரி வளைவில் வந்தபோது உங்கள் வலது கால் எதை மிதித்துக்கொண்டிருந்தது? எடுத்துவிடுங்கள். ராசப்பன் பார்த்துக்கொள்வான்.