விளிம்பைப் பார்க்கச் சொன்னவள்

பின்நவீனத்துவம் படித்தவர்களைக் கலியாண வீடியோவுக்கு முன்னால் உட்கார வைக்கக் கூடாது. வைத்தால் அது வைத்தவர்களின் பிழை. நான் இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

நானும் சுதனும் விரும்பும் விஷயம் தெரிந்து, அவருடைய அம்மா, இப்போது என் மாமி, என்னை உப்புவெளி வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தார். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சுதனின் பெரியப்பா. துறைமுகத்தில் கப்பல்களையே அதட்டி ஓய்வு பெற்றவர். சுதனின் அக்கா கலியாணத்தில், அழைப்பிதழில் தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று கோபித்து, மண்டபத்துக்கு வந்தும் கை நனைக்காமல் திரும்பியவர். அதைச் சொல்லிச் சொல்லியே குடும்பத்தை அடக்கி வைத்திருந்தார். (தேத்தண்ணி ஆறுமுன் எனக்கும் சொல்லிவிட்டார்.)

வந்தவர்களுக்கு அந்தக் கலியாண வீடியோவைக் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். மாமி போட்டார்.

"பிள்ளை கம்பசில என்ன படிச்சனீங்கள்?" என்றார் பெரியப்பா.

"இலக்கியமும் சினிமாவும். பின்நவீனத்துவக் கோட்பாடு."

"அதெண்டா என்ன?"

வாயை மூடியிருக்கலாம். முதல் வகுப்பில் தேறியவளால் அது முடியுமா?

"படம் எடுத்தவர் என்ன காட்ட நினைச்சவர் எண்டது முக்கியமில்லை. நடுவில நிக்கிறதை விட்டுட்டு விளிம்பைப் பாக்கவேணும். பிரதி மறைக்கிற உண்மை அங்கதான் கிடக்கும்."

"விளங்கேல்லை. இதில காட்டுங்கோ பாப்பம்."

ரிமோட்டை வாங்கினேன். மணமக்கள் பந்தியில் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தி, எழுந்து போய்த் திரையின் மூலையில் விரலை வைத்தேன்.

"பொம்பிளை மாப்பிள்ளையை மறந்திடுங்கோ. இஞ்ச, தூணுக்குப் பின்னால ஒராள். இவர் ஏன் ஒளிச்சிருந்து சாப்பிடுறார்? அதிகாரத்துக்கும் பசிக்கும் இடையில..."

"அத்தான், இது நீங்களெல்லோ?" என்று பெரியப்பாவைப் பார்த்தார் மாமி.

எத்தனையோ தடவை பார்த்த வீடியோதான். எல்லோர் கண்ணும் எப்போதும் பொம்பிளையின் நகையில் இருந்திருக்கிறது. நான் மறுபடி ஓடவிட்டேன். (ஆய்வைப் பாதியில் விடுவதா?) திரையில் பெரியப்பா இலையை வழித்து முடித்து, பாயசக் கோப்பையையும் விரலால் துடைத்து நக்கினார். கை முழங்கைவரை நனைந்திருந்தது.

பெரியப்பா எழும்பினார். "இந்தப் பெட்டை எங்களுக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"போய் மன்னிப்புக் கேளுமன்" என்றார் சுதன்.

"நான் என்ன பொய்யே சொன்னனான்? படத்தில இருந்ததைத்தானே வாசிச்சனான். ஏலாது."

எனக்குச் சுதன் வேண்டும். அழுகை வந்தது. ஆனால் மன்னிப்பு வரவில்லை.

எனக்காகச் சண்டை பிடித்தவர் மாமிதான். "என்ர மகளின்ர கலியாணத்தில அத்தான் பட்டினியாப் போயிட்டாரெண்டு இவ்வளவு காலமும் நெஞ்சு வெந்தனான். இந்தப் பிள்ளைதான் எனக்கு மருமகள்" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

எங்கள் கலியாண அழைப்பிதழில் பெரியப்பாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வந்தவர் நேரே வீடியோக்காரரிடம் போய், "தம்பி, நான் நடுவில இருந்து சாப்பிடப்போறன். வடிவா எடும்" என்றாராம். தாலி கட்டியதைவிட அவர் பாயசம் குடித்ததுதான் எங்கள் வீடியோவில் நீளம்.

இப்போது விருந்தினர் வந்தால் அந்த வீடியோதான் ஓடும். பெரியப்பா பாயசம் குடிக்கும் இடம் வந்ததும் மாமி ரிமோட்டை என்னிடம் நீட்டுவார்.

"பிள்ளை, விளிம்பில ஆர் நிக்கினமெண்டு இவைக்கு ஒருக்காக் காட்டும்."

எழுந்து போய் விரலை வைப்பேன். மூலையில், பாதி வெட்டுப்பட்டு, மாலையும் கழுத்துமாக நானும் சுதனும்.