மீனுக்குக் காட்டிய சூடம்

ஸ்ரீவைகுண்டம்
18-2-1973

சென்னையிலிருக்கும் என் அண்ணாச்சி செந்தூர்பாண்டி அவர்கள் சமூகத்துக்குத் தம்பி சிவனணைந்தபெருமாள் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, பிசான நெற்கதிர் முற்றிவிட்டது. மதினிக்கு முட்டுவலி தேவலையா என்று எழுதவும்.

நிற்க. நீங்கள் பார்த்து நிச்சயம் செய்துவைத்த மாப்பிள்ளை செந்தில்வேல் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் என்பது தெரிந்ததுதான். அது இவ்வளவு தூரத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. முயல்தீவுக்கு அப்பால் திமிங்கலம் தலைகாட்டுகிறது என்று யாரோ சொல்லப்போக, பார்க்க எல்லோரும் வாருங்கள் என்று ஆள் அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியுமா? நானும் தங்கத்தாயும் மகள் சண்முகத்தாயும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினோம். கடற்கரையில் ரோச் என்பவர் வள்ளத்தோடு தயாராக நின்றார். தங்கத்தாய் ஒரு காலை வள்ளத்தில் வைத்தவள் மறு காலை எடுக்கவில்லை. "பரிசம் போட்டாச்சு, தாலி ஏறலை. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வள்ளத்துல போனா ஊரு என்ன பேசும்?" என்றாள். நடுக்கடலில் எந்த ஊர் வந்து பார்க்கப்போகிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டும். ஆகவே மாப்பிள்ளை மட்டும் ரோச்சின் தம்பி ஜேசுபாதத்தோடு ஒரு சின்ன வள்ளத்தில் முன்னால் போனார், நாங்கள் பெரியதில் பின்னால் போனோம். வழி நெடுக வாந்தி. புளியோதரை போன வழியை விவரிக்கவில்லை.

ஒருவழியாக நிமிர்ந்து பார்த்தால், சற்றுத் தூரத்தில் கன்னங்கரேலென்று ஒரு முதுகு. ரோச், "அண்ணாச்சி, அது வந்து..." என்று ஆரம்பித்தார். "சாமி முன்னால பேசாதீரும்" என்று தங்கத்தாய் அவர் வாயை அடைத்துவிட்டாள். கடலில் பெரிய மீன் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு மச்சாவதாரம்தானே அண்ணாச்சி. தேங்காய் உடைத்தாள். காற்றில் அணைந்து அணைந்து போன சூடத்தை என் வேட்டி மறைவில் ஏற்றிக் காட்டினாள். பிறகு வாய்விட்டு வேண்டினாள்: "பெருமாளே, எம் மாப்பிள்ளைக்கு இந்த மீன் கிறுக்கு தெளியணும். அவுக அம்மைக்கு வாய் கொஞ்சம் அடங்கணும். எம் மவளை அந்த அம்மைகிட்டேருந்து நீதான் காப்பாத்தணும்."

முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அத்தை, வேண்டி முடிச்சாச்சுன்னா ஒரு கயித்தைப் போடுங்க" என்று குரல் வந்தது.

"பெருமாளு என்னைய அத்தைங்காரே!" என்று தங்கத்தாய் விழுந்து கும்பிட்டாள். அது கவிழ்ந்த வள்ளம், அண்ணாச்சி. திமிங்கலத்தைத் தேடி மாப்பிள்ளை விளிம்பில் ஏறி நிற்க, வள்ளம் புரண்டு, அவரும் ஜேசுபாதமும் மறுபக்கம் தொங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். தூக்கி ஏற்றியபிறகு, "முன்னாலயே கூப்பிட்டா என்ன மாப்பிள்ளை?" என்றேன். "பூசை நடுவுல கூப்பிடலாமான்னு இருந்தேன் மாமா" என்றார். கரை வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வள்ளத்தில்தான் வந்தார்கள், அதைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. இறங்கும்போது, "அம்மாகிட்டப் பேசிட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டப்பிடாரம் பஸ் ஏறிவிட்டார். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியம்மாள் காதில் அந்த வேண்டுதல் விழுந்தால் கல்யாணம் நின்றது நின்றதுதான். பிள்ளைக்கோ அந்தப் பையனைப் பிடித்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வருகிறது.

ஆகவே கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, தங்கத்தாய் சொன்னது வேறு யாரோ ஒரு அம்மாவை என்று நீங்கள்தான் ஓட்டப்பிடாரம் போய்ச் சமாதானம் சொல்லவேண்டும். பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கவேண்டாம். மதினிக்கு எங்கள் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். செந்தூர் முருகன் நம் எல்லோரையும் கைவிடாமல் இருக்கட்டும்.

தங்கள் தம்பி
சிவனணைந்தபெருமாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் சம்பந்தியம்மாளே வந்து இறங்கிவிட்டார்கள். மகன் அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: அத்தை வேண்டினார்கள், மீன் உடனே பதில் சொல்லிற்று. இப்போது அவர்களுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை கூட்டிப்போகச் சொல்கிறார்கள். என்ன வேண்டுதல் என்று தங்கத்தாய் நயமாகக் கேட்டாள். "அதை மீனுகிட்டதான் சொல்லணும்" என்றுவிட்டார்கள். ஆகவே நீங்கள் வரவேண்டாம், பத்திரிகை அச்சடிக்கலாம். வெள்ளிக்கிழமை ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு வைக்கும்படி தங்கத்தாய் ரோச்சுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். அதற்குப் பின்னால் தொங்கிக் கிடந்து, சம்பந்தியம்மாள் என்ன வேண்டுகிறார்கள் என்று கேட்டு வரவேண்டியது நான். எனக்கு நீந்தத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தங்கத்தாய்க்கும் தெரியும்.