ஆறாம் மாடியில் ஒரு நீர்மூழ்கி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த ஆறாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் மூவர். கணினிக்கு எதிரே முக்காலியில் லாசரஸ். அரிசி டின் மேல், கையில் கணினி விளையாட்டின் விளக்கப் புத்தகத்துடன், கணினியின் சொந்தக்காரனான மச்சினன் ஜார்ஜ். தரையில் செய்தித்தாளை விரித்து, தேக்கா சந்தையில் வாங்கிய நெத்திலிக்குத் தலை கிள்ளியபடி மனைவி மதலேனா. இவர்களைத் தவிர, திரைக்குள் நீர்மூழ்கிக் கப்பலில் நாற்பது மாலுமிகள். அந்த நாற்பது பேரைப் பற்றி லிஃப்டில் ஏறுகிற எல்லாரிடமும் லாசரஸ் சொல்லியிருந்தார்.

“இன்னைக்கு ஒருத்தன் விடாம கரை சேர்த்துடுவேன்.”

“சேருங்க. ஆனா கீழ் வீட்டுலேருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் பெட்டி இன்னைக்கே ஜார்ஜோட பஸ் ஏறிடும்,” என்றாள் மதலேனா.

கீழ் வீட்டுக்காரர் சுப்பிரமணியம், துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

திரையில் நீர்மூழ்கியைத் தேடும் எதிரிக் கப்பலின் ஒலி கேட்டது. டிங்... டிங்... டிங் டிங் டிங்.

“அத்தான், தலைக்கு மேல வந்துட்டான் லா! கீழ போங்க!”

லாசரஸ் பொத்தானை அழுத்தப் போனார். தரைக்கு அடியிலிருந்து, டொக் டொக் டொக்! கீழ் வீட்டு விளக்குமாற்றுக் கம்பு.

“பார்த்தீங்களா?” என்றாள் மதலேனா.

“ஆழமா போனா மோட்டார் இன்னும் கத்துமே!” லாசரஸ் விரலை எடுத்துக்கொண்டார். முதல் குண்டு விழுந்தது. விளக்கு அணைந்தது, கப்பலில்.

“சத்தத்தைக் குறைடா!”

“இதுல குறைக்கிற திருகே கிடையாது அத்தான்.”

லாசரஸ் போர்வையை எடுத்துக் கணினியையும் தன்னையும் சேர்த்து மூடிக்கொண்டார், சளிக்கு ஆவி பிடிப்பவர் போல. இருட்டில் பொத்தான் தெரியவில்லை. ஏதோ ஒன்றை அழுத்தினார். கப்பல் சரசரவென்று மேலே ஏறி, இரண்டு போர்க்கப்பல்களுக்கு நடுவே தலையை நீட்டியது.

டிங்டிங்டிங்டிங்!

டொக்டொக்டொக்டொக்!

“மன்னிச்சுக்குங்க சார்!” என்று போர்வைக்குள்ளிருந்து தரையைப் பார்த்துக் கத்தினார் லாசரஸ். அதற்குள் நாற்பது பேரும் மூழ்கிவிட்டார்கள். கீழே ஏதோ முறிகிற சத்தம். பிறகு அமைதி.

“கம்பை உடைச்சுட்டார். அவ்வளவு கோபம். இப்பவே மன்னிப்புக் கடிதம் எழுதுங்க,” என்றாள் மதலேனா.

லாசரஸ் எழுதினார். தேதி, வீட்டு எண், ‘பொருள்: சத்தம்’. ‘மதிப்பிற்குரிய ஐயா, இன்றோடு விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். கணினி ஆறு மணி பஸ்ஸில் போகிறது.’ சோற்றுப் பருக்கை நாலு வைத்து உறையை ஒட்டினார். ஜார்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயர்களைச் சுருட்டினான்.

கதவு தட்டப்பட்டது. கையில் முறிந்த கம்புடன் சுப்பிரமணியத்தின் மனைவி கமலா.

“ஒண்ணும் சொல்லாதீங்கக்கா, எல்லாம் இதுல இருக்கு,” என்று லாசரஸ் உறையை நீட்டினார்.

கமலா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்ட் வரை போனவர், திரும்பிப் பார்த்தார்.

“கொடுத்துடறேன் தம்பி. ஆனா கப்பல் தலைக்கு மேல வர்றப்பல்லாம் ‘கீழ போ, கீழ போ’ன்னு அவர் கம்பு உடையிற வரைக்கும் தட்டினாரே, நீங்க ஏன் போகல?”