எம்.ஏ. போட்ட கல்யாணப் பத்திரிகை

ஆரணியில் அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒருவருக்குப் பட்டம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஊரில் ஒரே மனிதரிடம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் அவர். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் போடச் சொன்னால், கையை நீட்டி "சர்டிபிகேட்டு?" என்பார். கடைசியில் ஊரே அவரை 'சர்டிபிகேட்' என்றுதான் கூப்பிட்டது.

எழுபதுகளின் கடைசி. ரைஸ் மில் முதலாளி ஒருவர் மகன் பெயருக்குப் பின்னால் பி.காம். போடச் சொன்னார். பையன் மூன்றாம் வருடத்தில் இருந்தான்.

"படிச்சிகினுதானே கீறாரு? முடிக்கட்டுங்க."

"நெல்லு மில்லுக்கு வந்துட்டா அரிசிதானேய்யா?"

"உமி போவணும் இல்லீங்களா?"

பையனுக்கு வெறும் பெயர்தான் அச்சானது.

தெள்ளாரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் அதற்கு முந்தின மாதம்தான் எம்.ஏ. சேர்ந்திருந்தார். "மூணு வருசம் படிச்சதுக்கு பி.ஏ. போடறேன். எம்.ஏ.வுக்கு ரெண்டு வருசம் கழிச்சி வாங்க" என்றார் சர்டிபிகேட்.

"அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடுமேங்க!"

"கொழந்தைக்குக் காது குத்துவீங்க இல்ல? அந்தப் பத்திரிகையில போட்டுடலாம்."

இந்த பேஜாருக்குப் பயந்து சிலர் வேலூருக்கே போய் அடித்துக்கொண்டார்கள். பிழையில்லாமல் கோப்பார் என்பதால் அச்சக முதலாளி பொறுத்துக்கொண்டார்.

எங்கள் அக்கா கல்யாணத்தில்தான் விஷயம் முற்றியது. அக்கா பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்தவள், மாப்பிள்ளை பி.ஏ. நிச்சயம் ஆகிவிட்டது. அச்சகத்தில் வைத்து மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணுக்கும் பி.ஏ.ன்னே போட்டுடுங்க. ரெண்டும் காலேஜு படிப்புதானே?" என்றார். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் எங்கள் அப்பா தலையாட்டிவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சர்டிபிகேட் கையிலிருந்த எழுத்தைக் கீழே வைத்தார்.

"எப்படிங்க ஒண்ணாவும்? பி.ஏ.ன்னா ஊரெல்லாம் சுத்திப் பார்க்கறது. எம்.ஏ.ன்னா அதுல ஒரு தெருவுலயே ரெண்டு வருசம் குடியிருந்து, எந்த வூட்ல என்னா கொழம்புன்றது வரைக்கும் தெரிஞ்சிக்கறது. இல்லாதவங்களுக்குப் போட மாட்டேன்னு இத்தினி பேரை வெரட்டிட்டு, இருக்கிற பொண்ணுக்குக் கொறைச்சா எனக்குச் சோறு எறங்குமா?"

"வேற பிரஸ்ஸு பார்த்துக்கலாம், வாங்க" என்று சம்பந்தி எழுந்தார். அப்பா எழவில்லை.

"இங்கியே அடிக்கட்டும், சம்பந்தி. எம்.ஏ.ன்னே அடிக்கட்டும்" என்றார்.

மூன்று நாள் அந்தப் பக்கத்திலிருந்து தகவலே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மாப்பிள்ளையே அச்சகத்துக்குப் போய், எம்.ஏ. என்றிருந்த ப்ரூபைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று மணமக்கள் இரண்டு பேரும் சர்டிபிகேட்டின் காலில் விழப் போனார்கள். "நான் எட்டாவதே தாண்டலீங்க" என்று மனிதர் பதறிப் பின்னால் போனார். அப்பாதான் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவர்களுக்கு அடுத்து நானும் விழுந்தேன். யாரும் சொல்லாமல் நானாக விழுந்த கால் அது ஒன்றுதான்.