பெரியப்பாவின் பிஸ்கட் டின்

பேராதனை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு மகள் கிருஷாந்தி பணிவுடன் எழுதுவது. நான் இங்கு சுகம். அங்கு உங்கள் வலது காலைத் தவிர மற்ற எல்லாரும் சுகம் என்று பெரியம்மா போனில் சொன்னார். நேரில் சொல்ல வந்தால் எனக்குக் குரல் வெளியே வராது. போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு தோட்டத்து லயத்து வீடுகள் முழுவதையும் கேட்க வைப்பீர்கள். ஆகவே கடிதம்.

கிளினிக்கில் உங்கள் காற்புண்ணைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்தார்களே, அந்த அறிக்கை வந்துவிட்டது. பன்னிரண்டு மருந்துகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்துக்கு அந்தக் கிருமி அசையவில்லை. அந்தப் பத்தில் ஐந்து, நீங்கள் குளிசை மாத்திரை சேர்த்து வைக்கும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மிச்ச இரண்டும் ஊசி மருந்து, வார்டில் படுத்துத்தான் ஏற்ற வேண்டும். கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் கோவில் தேர் முடியட்டும் என்கிறீர்கள். தேருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சீனி வருத்தக்காரருக்குப் புண் எலும்புவரை போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதை நீங்கள் பெரியம்மாவிடம் மறைத்துவிட்டீர்கள். நானும் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்குள் நீங்கள் வராவிட்டால் சொல்லிவிடுவேன்.

இதில் என் பிழையும் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போன மாதம் கோவில் மண்டபத்தில், "எங்க லயத்துல மொதப் பட்டதாரி, கிருமியப் பத்திப் பேசும்" என்று அறிவித்து மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன், அதைத் தலை நிமிராமல் வாசிக்கத் தொடங்கினேன். ஆய்வுகூடத்தில் நான் பார்ப்பது பற்றீரியா வெளியே விடும் பைகளை. அது தன் மேல்சவ்வில் ஒரு துணுக்கைக் கிள்ளி, உருண்டைப் பையாக்கி வெளியே தள்ளும். சில பைகளுக்குள் மருந்தை வெட்டும் நொதியம் இருக்கும், மருந்து கிருமியிடம் வந்து சேருமுன்பே வழியில் துண்டாகிவிடும். சில பைகளில் அந்த நொதியத்தைச் செய்யும் முறையே இருக்கும், பக்கத்துக் கிருமி அதை வாங்கித் தானும் செய்யப் பழகிக்கொள்ளும். இப்படி, மருந்துக்குச் சாக வேண்டிய கிருமிகூட அயலவர் தயவில் பிழைத்துக்கொள்ளும். விளங்கட்டும் என்று ஒரு சிலிசிலிப் பிளாஸ்டிக் பையில் கத்தரிக்கோலைப் போட்டு, இதுதான் பை, இதுதான் நொதியம் என்று சொல்லிச் சபையில் கைமாற்றி விட்டேன். பை மண்டபத்தைச் சுற்றி என்னிடம் திரும்பி வந்தபோது உள்ளே இரண்டு வாழைப்பழம் இருந்தது, கத்தரிக்கோலை இன்றுவரை காணவில்லை. அப்போதே நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சபையிலிருந்து இருளப்பன் அண்ணன் எழும்பி, "அப்ப அந்தக் கிருமிககூட பக்கத்து வீட்டுக்குக் குடுத்துத்தான் பொழைக்குதுகன்னு சொல்லு!" என்றார். நீங்கள் மைக்கைப் பிடுங்கி, "கேட்டுக்கங்கப்பா! கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இருக்குற ஒத்துமை நம்ம மேல் லயத்துக்காரனுக்கு இல்ல!" என்றீர்கள். ஒரே கைதட்டல். "இல்ல பெரியப்பா, நான் சொல்ல வந்தது அது இல்ல" என்று நான் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகுதான் டின் நிரம்பியது. முன்பெல்லாம் காய்ச்சல் விட்டதும் மிஞ்சின குளிசையை நாலைந்து வீட்டார்தான் உங்களிடம் கொண்டுவந்து தருவார்கள். இப்போது மேல் லயத்துக்காரரும் தருகிறார்களாம், ஒற்றுமை வந்துவிட்டதாம். நீங்களும் யாருக்கு இருமல், யாருக்குப் பல்வலி என்று கேட்டு, சிவப்பில் ரெண்டு, மஞ்சளில் ரெண்டு என்று கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கிறீர்கள். உங்கள் புண்ணுக்கும் அதே ரெண்டு ரெண்டுதான். ரெண்டு குளிசைக்குப் பலவீனமான கிருமிதான் சாகும் பெரியப்பா. பலமானது மிஞ்சி, பெருகி, மற்றதுக்கும் பை கட்டிக் கொடுக்கும். இதை அன்றைக்கு மூன்றாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அதுவரை வாசிக்க விடவில்லை.

பெரியம்மாவுக்கும் இருளப்பன் அண்ணனுக்கும் என் வணக்கம், கத்தரிக்கோல் வைத்திருப்பவருக்கும்தான். மாரியம்மன் உங்கள் காலுக்குத் துணையிருக்கட்டும், ஊசி மருந்தும் கூட இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத (இது ஒன்றைத் தவிர)
மகள் கிருஷாந்தி.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. திங்கட்கிழமை காலை முத்திரை வாங்க நின்றபோது பெரியம்மா எனக்குப் போன் எடுத்தார். "நீதானே பாப்பா சொன்ன, கிருமி பக்கத்துல உள்ளவங்களுக்குப் பை கட்டிக் குடுக்கும்னு? ஒம் பெரியப்பன் கால் பக்கத்துல படுக்குறது நாந்தானே? மனுசன் பாயத் தூக்கி வெளிய இஸ்தோப்புத் திண்ணையில போட்டுட்டேன். மூணு நாள் குளிர்ல கெடந்து பாத்துட்டு இன்னைக்குக் கண்டி பஸ்ல ஏறிட்டாரு." நான் மண்டபத்தில் சொன்னது அதுவல்ல. ஆனாலும் திருத்தவில்லை.

நேற்று வார்டுக்கு வந்தேன். ஊசி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், விரல்கள் தப்பும் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கம்பளை ஊர் அஸ்ஃபர் நானாவுக்குப் பைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தீர்கள். சவ்வு, நொதியம், அயல் கிருமி என்று ஒன்றும் பிழையில்லை, நான் நாலு பக்கத்தில் எழுதினதை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். "அப்ப மருந்த அரகொறயாப் போடப்படாதுன்னு சொல்றீங்க?" என்று அஸ்ஃபர் நானா கேட்டார். "போடவே படாது நானா!" என்றீர்கள். சொன்ன கையோடு தலையணைக்கு அடியிலிருந்து டின்னை எடுத்து, "ஒங்க இருமலுக்கு இந்தச் செவப்புல ரெண்டு மட்டும் போட்டுப் பாருங்க" என்றீர்கள்.

அஸ்ஃபர் நானாவிடமிருந்து ரெண்டையும் நீங்கள் காணாமல் நேற்றே திருப்பி வாங்கிவிட்டேன். இன்று மறுபடி வந்திருக்கிறேன், நீங்கள் தூங்குகிறீர்கள். டின் இருந்த இடத்தில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். நர்ஸிடம் முறைப்பாடு செய்ய வேண்டாம், எடுத்தது நான்தான்.